கடைமடைக்கு வராத சதவீதம்

மே மாதம் பிறந்துவிட்டால் என் கடையில் உட்கார இடம் இருக்காது. கம்பத்துக்குப் பக்கத்தில் செராக்ஸ், பிரவுசிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்ந்த சின்னக் கடை. பிளஸ் டூ ரிசல்ட் அன்று தொடங்கும் கூட்டம் பொறியியல் கவுன்சிலிங், கலைக் கல்லூரி, நர்சிங், பாலிடெக்னிக் என்று ஆடி மாதம் வரைக்கும் ஓயாது. நடுவில் குரூப் 4 அறிவிப்பும் வந்து சேர்ந்தால் மத்தியானச் சோறு நாலு மணிக்குத்தான்.

எந்த விண்ணப்பமானாலும் பெயர், பிறந்த தேதியெல்லாம் போட்டு முடித்ததும் ஒரு கட்டம் வரும். வகுப்பு. ஓ.சி., பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி./டி.என்.சி., எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. இதில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அந்தக் கட்டத்தில் கை வைத்ததும் பக்கத்தில் நிற்கிற ஆள் எவராக இருந்தாலும் ஒரு கருத்துச் சொல்லாமல் போக மாட்டார். அதனால் இடஒதுக்கீடு பற்றி டி.வி.யில் நடக்கிற விவாதத்தை நான் பார்ப்பதே இல்லை. என் கடையிலேயே தினமும் நடக்கிறது.

அடிக்கடி வரும் கேள்வி இது. திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு மாமா, மகளுக்கு விண்ணப்பம் போட வந்தவர் கேட்டார்: "ஏம்ப்பா, நூத்துக்கு அறுபத்தொம்பது போயிருச்சுன்னா நம்ம புள்ளைகளுக்கு மிச்சம் முப்பத்தொண்ணுதானா?" அவர் கையில் வைத்திருந்த சான்றிதழில் பி.சி. என்று அச்சடித்திருந்தது. அந்த அறுபத்தொன்பதுக்குள் தன் மகளும் இருக்கிறாள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இதற்கு நேர் எதிராக, "ஓ.சி.க்காரங்களுக்கு 31 சதவீதத்தைத் தூக்கிக் குடுத்துட்டாங்கண்ணே" என்று கொதிக்கிற தம்பிகளும் உண்டு. இரண்டுமே தப்புக் கணக்கு.

தமிழ்நாட்டுக் கணக்கு இப்படி. பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி.யும் சீர்மரபினரும் சேர்ந்து 20, எஸ்.சி. 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்.டி. 1. கூட்டினால் 69. மீதி 31 பொது. அந்தப் பொது எந்தச் சாதிக்கும் சொந்தமில்லை. நூறு வேலை இருக்கிறதென்றால் முதலில் பொது இடங்களை மதிப்பெண் வரிசைப்படி நிரப்புவார்கள். மேலே இருக்கிற ஆளுகள் எந்த வகுப்பாக இருந்தாலும் அதில் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் வகுப்புவாரி இடங்கள். வேலைக்கு 200 புள்ளி இனச்சுழற்சி என்று ஒரு பட்டியல் உண்டு. எத்தனையாவது இடம் யாருக்கு என்பது அதில் முன்கூட்டியே எழுதியிருக்கும். கவுன்சிலிங் போய் வந்த பிள்ளைகள் 'ஜி.டி.யில் போயிருச்சு' என்று சொல்வது இந்தப் பொது முறையைத்தான். எங்கள் பக்கத்து எம்.பி.சி. பிள்ளைகள், எஸ்.சி. பிள்ளைகள் ஜி.டி.யில் வேலை வாங்குவது இன்றைக்கு ஒன்றும் அதிசயமில்லை.

இந்த 69 வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1920களில் நீதிக்கட்சிக் காலத்து வகுப்புவாரி உத்தரவில் தொடங்குகிறது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் அது அடிபட்டது. அதனால்தான் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தமே வந்தது. 1971இல், சட்டநாதன் குழுவுக்குப் பிறகு, பிற்படுத்தப்பட்டோருக்கு 31. 1979இல் எம்.ஜி.ஆர். ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்துப் பார்த்தார். 1980 நாடாளுமன்றத் தேர்தலில் வாங்கிய அடியில் அதை எடுத்துவிட்டு 31ஐ 50 ஆக்கினார். 1989இல் கலைஞர் அந்த ஐம்பதை 30, 20 என்று பிரித்து மிகப் பிற்படுத்தப்பட்டோரைத் தனியாக்கினார். 1990இல் எஸ்.டி.க்குத் தனியாக 1. உச்ச நீதிமன்றம் 1992இல் 50க்கு மேல் போகக் கூடாது என்றதும், 1994இல் ஜெயலலிதா தனிச் சட்டம் போட்டு ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்க வைத்தார். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா இரண்டு பேரும் பின்னாளில் எங்கள் ஆண்டிபட்டித் தொகுதியில் நின்று ஜெயித்தவர்கள். அந்த வகையில் 69க்கும் தேனி மாவட்டத்துக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது.

ஆனால் எனக்குச் சொல்லவேண்டியது சதவீதத்தைப் பற்றி அல்ல. எங்கள் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி நின்றதா என்று டீக்கடையில் பேசாத ஆள் கிடையாது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்கிறவர் அந்த வயல்காரர் ஒருவர்தான். 69ம் அப்படித்தான். மேலே எவ்வளவு நிற்கிறது என்பதில் சண்டை. கீழே யாருக்கு வந்து சேர்ந்தது என்பதில் பேச்சே இல்லை. வந்து சேர மூன்று சாமான் வேண்டும்: பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், தங்க ஒரு விடுதி, கையில் ஒரு சான்றிதழ். இந்த மூன்றும் இருந்த இடத்தில் ஒதுக்கீடு வேலை செய்திருக்கிறது. ஒன்று குறைந்தாலும் காகிதத்தோடு நின்றிருக்கிறது.

வேலை செய்த கதையை முதலில் சொல்கிறேன். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டக்காரர்களுக்கு 'அரசு கள்ளர் பள்ளி' என்ற போர்டு புதிதில்லை. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் திகைப்பார்கள். அந்தப் பள்ளிகளின் வேர் ரேகைச் சட்டத்தில் இருக்கிறது. நாங்கள் ரேகைச் சட்டம் என்று சொல்லும் அந்தக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வடக்கே வந்தது. 1911இல் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். அடுத்த சில வருடங்களில் பிரமலைக் கள்ளர்கள் மொத்தமாக அதற்குள் தள்ளப்பட்டார்கள். ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் ஆஜர் கொடுக்க வேண்டும். வெளியூர் போனால் ராகதாரிச் சீட்டு வேண்டும். சொந்தக்காரர் வீட்டு விசேசத்துக்குப் போவதற்குக்கூட அந்தச் சீட்டுத்தான். ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். இவர்களுக்காகக் கோர்ட்டில் நின்ற மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப்பை மக்கள் ரோசாப்பூ துரை என்றே கூப்பிட்டார்கள்.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு வெள்ளைக்காரன் வேறு வழி பார்த்தான். கள்ளர் சீரமைப்பு என்று ஒரு திட்டம். பள்ளிக்கூடம், விடுதி, கூட்டுறவுச் சங்கம், நிலம். நோக்கம் புனிதமானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆளைக் கண்காணிக்கிற கையும் பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்த கையும் ஒன்றுதான். ஆனாலும் விளைவைப் பாருங்கள். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947 ஜூனில் போய்விட்டது. பள்ளிகள் போகவில்லை. மூன்று மாவட்டத்திலும் சேர்த்து ஏறக்குறைய 300 பள்ளிகள். கூடவே விடுதிகள். பேரில் கள்ளர் என்று இருந்தாலும் ஊரில் இருக்கிற எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளிகள்தான் இவை. தாத்தா ஸ்டேஷனில் படுத்திருந்தார், அப்பா கள்ளர் விடுதியில் தங்கிப் படித்தார், பேரன் வாத்தியார் அல்லது போலீஸ். இந்த வரிசையை எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது காட்டலாம். 1989இல் எம்.பி.சி.க்கும் சீர்மரபினருக்குமாக 20 சதவீதம் வந்தபோது அதைப் பிடித்துக்கொள்ள பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் தயாராக இருந்தார்கள். பள்ளிக்கூடம் அறுபது வருடம் முன்னால் வந்ததால்தான் ஒதுக்கீடு பலித்தது.

இந்தப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்ப்பதாக 2023 பட்ஜெட்டில் அரசு அறிவித்தபோது உசிலம்பட்டிப் பக்கம் எதிர்ப்பு கிளம்பியதற்குக் காரணம் இதுதான். சாதிப் பெயர் பள்ளி போர்டில் இருக்கலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால் போர்டு மாறலாம். பள்ளியும் விடுதியும் அங்கேயே, அதே கிராமத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

சான்றிதழ் பக்கம் வருவோம். குற்றப் பரம்பரைப் பட்டியலில் இருந்து விடுபட்ட 68 சமூகங்களை முன்பு சீர்மரபுப் பழங்குடியினர் என்றார்கள். 1979 ஜூலையில் ஒரு அரசாணை அதைச் சீர்மரபு வகுப்பினர் என்று மாற்றியது. நாற்பது வருடம் போராடிய பிறகு 2019இல் வந்த ஆணை, மாநிலச் சலுகைக்கு டி.என்.சி., மத்திய அரசின் நலத்திட்டத்துக்கு டி.என்.டி. என்று ஒரே ஆளுக்கு இரண்டு சான்றிதழ் என்றது. 2024இல் ஒரே சான்றிதழ் என்று முதல்வர் அறிவித்தார். இது போதாது என்று மத்திய அரசு வேலைக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனி. அங்கே 27 சதவீதம் ஒரே மொத்தம். எம்.பி.சி. என்ற பேச்சே கிடையாது. வருமான வரம்பு வேறு உண்டு, 8 லட்சம். ரயில்வே, வங்கி விண்ணப்பம் போட வரும் பிள்ளைகளிடம் மாநிலச் சான்றிதழ் மட்டும் இருக்கும். கடைசித் தேதிக்கு முந்தின நாள் வந்து, "அண்ணே, இது ஆகாதா?" என்று கேட்கும்போது எனக்கே வயிறு கலங்கும்.

பிறகு 10.5 விவகாரம். 2021 பிப்ரவரி 26, தேர்தல் தேதி அறிவிப்பதற்குச் சில மணி நேரம் முன்னால், 20 சதவீதத்தை மூன்றாகப் பிரித்து ஒரு சட்டம் நிறைவேறியது. வன்னியர்களுக்கு 10.5, சீர்மரபினரும் இன்னும் சில எம்.பி.சி. சமூகங்களுமாக 93க்கு 7, மிச்சம் 22 சமூகங்களுக்கு 2.5. வட மாவட்டங்களில் பட்டாசு வெடித்தார்கள். தெற்கே கறுப்புக் கொடி. 2021 நவம்பர் 1ஆம் தேதி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சட்டத்தைச் செல்லாது என்றது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. இதில் பலரும் கவனிக்காத விசயம் ஒன்று உண்டு. உள்ஒதுக்கீடே கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. ஒரு சமூகத்தைத் தனியாகப் பிரிக்க இன்றைய புள்ளிவிவரம் எங்கே என்றுதான் கேட்டது. அரசு கையில் இருந்தது 1980களில் அம்பாசங்கர் ஆணையம் எடுத்த கணக்கு. அந்தக் கணக்கில் வந்த பையனுக்கு இன்றைக்குப் பேரன் பிறந்திருப்பான்.

உள்ஒதுக்கீடு சரியாகப் போடப்பட்டால் நிற்கும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 18க்குள் அருந்ததியருக்கு 3 என்று 2009இல் வந்த சட்டம். நகராட்சித் துப்புரவு வேலையிலேயே தலைமுறை தலைமுறையாகக் கட்டி வைக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்துக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று கம்பத்திலும் போடியிலும் அந்தக் குடியிருப்புகளுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு பட்டியல் சாதிக்குள் உள்ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னபோது அந்த 3 சதவீதமும் உறுதியாகிவிட்டது.

இனி, கடைமடை.

கூடலூர்ப் பக்கம் பளியன்குடி, வருசநாடு, மேகமலை அடிவாரம் என்று எங்கள் மலையோரம் முழுக்கப் பளியர்கள் இருக்கிறார்கள். தேனும் கல்பாசியும் எடுத்து வாழ்ந்தவர்கள். மேகமலை முதலில் சரணாலயம், 2021இல் புலிகள் காப்பகம் ஆனபிறகு காட்டு வரும்படி சுருங்கிக் கூலி வேலைக்கு இறங்கிவிட்டார்கள். எஸ்.டி. பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறது. 1 சதவீதமும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம், மக்கள்தொகையில் 1.1 சதவீதம். காகிதத்தில் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த ஒரு சதவீதத்தைத் தொட முதலில் சாதிச் சான்றிதழ் வேண்டும். பி.சி., எம்.பி.சி.க்குத் துணை வட்டாட்சியர் கையெழுத்துப் போதும். எஸ்.சி.க்கு வட்டாட்சியர். எஸ்.டி.க்கு மட்டும் கோட்டாட்சியர். தேனி மாவட்டத்துக்குப் பெரியகுளம், உத்தமபாளையம் என்று இரண்டே கோட்டம். வருசநாட்டு மலையிலிருந்து பெரியகுளம் போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். போனால் முதல் கேள்வி, "அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கா?" அப்பா பள்ளிக்கூடமே பார்த்ததில்லை. அவருக்கு எதற்குச் சான்றிதழ்? இந்தக் கெடுபிடிக்கும் ஒரு காரணம் உண்டு. பொய்யாக எஸ்.டி. சான்றிதழ் வாங்கி வேலைக்குப் போனவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். அதைத் தடுக்கத்தான் மெய்த்தன்மை விசாரணை, விழிப்புக் குழு எல்லாம். பொய் சொன்னவனுக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது. உண்மையான பளியர் வீட்டுப் பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்றது. கள்ளர் பள்ளிகளுக்கு நடந்தது இங்கே நடக்கவில்லை. பள்ளியும் விடுதியும் சான்றிதழும் வீட்டு வாசலுக்கு வராமல், சதவீதம் மட்டும் கோட்டையில் இருந்து வந்தது.

இன்னொரு கடைமடை குமுளிக்கு மேலே. விடியக்காலையில் கம்பம், கூடலூர், கோம்பை, போடியில் இருந்து ஜீப் ஜீப்பாக ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் சாயங்காலம் திரும்பி வந்துவிடுவார்கள். எஸ்டேட்டிலேயே குடும்பமாகத் தங்கிவிட்டவர்களும் உண்டு. பட்டியல் சாதிக்காரர் ஒருவர் இங்கிருந்து கேரளத்து இடுக்கிக்குப் போனால் அங்கே அவர் எஸ்.சி. கிடையாது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பே குடும்பம் அங்கே இருந்தது என்று காட்ட வேண்டும். வேறு மாநிலத்துச் சாதிச் சான்றிதழ் இன்னொரு மாநிலத்தில் வேலை, படிப்பு ஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் இருந்து சொல்லிவருகிறது. 2018இலும் உறுதி செய்தது. குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் சாதி கூடவே வரும், சான்றிதழ் வராது.

சரி, பிள்ளையை இங்கே கொண்டுவந்து படிக்க வைக்கலாம் என்றால் அதிலும் ஒரு முடிச்சு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. நீதிபதி கலையரசன் ஆணையம் 10 என்று பரிந்துரைத்தது. அரசு 7.5 என்று முடிவு செய்தது. மசோதா ஆளுநரிடம் கிடந்தபோது அக்டோபர் 29ஆம் தேதி அரசாணையே போட்டுவிட்டார்கள். மறுநாள் ஆளுநர் கையெழுத்தும் வந்தது. அதற்கு முந்தின வருடம் அரசுப் பள்ளியில் இருந்து எம்.பி.பி.எஸ். போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த வருடம் 300க்கு மேல். 2021இல் பொறியியல், சட்டம், வேளாண்மைக்கும் இதை விரித்தார்கள். அரசுப் பள்ளி என்ற கணக்கில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் சேரும். நான் பார்த்த சட்டங்களிலேயே கிராமத்துப் பிள்ளைக்கு நேராக வந்து சேர்ந்தது இதுதான். காரணம், இதற்கு அப்பாவின் காகிதம் வேண்டியதில்லை. பிள்ளை படித்த பள்ளியே சாட்சி.

முடிச்சு என்னவென்றால், ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எஸ்டேட் பள்ளியில் ஆறாவது, ஏழாவது படித்துவிட்டு கம்பத்துக்கு வந்த பிள்ளைக்கு இது கிடையாது. அதுவும் அரசுப் பள்ளிதான், அதுவும் தமிழ் வழிதான். மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒன்றுதான் குற்றம். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக இந்த ஒரு விதியைத் தளர்த்தினால் யாருக்கும் நட்டம் வரப்போவதில்லை.

'எத்தனை காலத்துக்குத்தான் ஒதுக்கீடு?' என்று வாட்ஸ்அப்பில் வருகிற கேள்விக்கு என் பதில் இதுதான். எந்த ஊரில் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குப் போகவில்லை என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் எடுப்பதாக ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. அந்தக் கணக்கு ஒழுங்காக வந்தால் 20க்குள்ளும், 26.5க்குள்ளும், 1க்குள்ளும் யார் நிறைந்து நிற்கிறார்கள், யார் காலியாக நிற்கிறார்கள் என்று தெரியும். அதுவரைக்கும் மேலே சதவீதத்தை ஏற்றுவதாலும் இறக்குவதாலும் பளியன்குடியில் ஒன்றும் மாறப்போவதில்லை. அங்கே நடக்க வேண்டியது கோட்டாட்சியர் மலையேறி வந்து முகாம் போட்டு சான்றிதழ் கொடுப்பதும், பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி ஓடுவதும்தான்.

அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். படிக்கிற உங்களுக்கு நான்கு வார்த்தை.

பிள்ளை ஒன்பதாவது படிக்கும்போதே சாதிச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். மே மாதத்துக்குக் காத்திருக்காதீர்கள். மத்திய அரசு வேலைக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது. ஆறாவதில் இருந்து அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளையை 'இங்கிலீஷ் வரட்டும்' என்று நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் 7.5 போய்விடும், யோசித்துச் செய்யுங்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் உண்டு. அதற்கு ஒன்றாம் வகுப்பில் இருந்தே தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும், படித்த பள்ளியை மறந்துவிடாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி.யில் பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்கு மூன்று முறைதான் கட்டணம் இல்லை. சும்மா எழுதிப் பார்க்கிறேன் என்று அதைக் கரைக்காதீர்கள்.

உங்கள் தெருவில், தோட்டத்தில், மலையடிவாரத்தில் சான்றிதழ் இல்லாத ஒரு பிள்ளை இருந்தால், அதன் அப்பாவை இந்த வாரமே ஒரு இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போங்கள். எழுதத் தெரியாதவராக இருந்தால், கூடவே நின்று எழுதிக் கொடுங்கள்.